டீசல் வாசனை

தங்கச் சுரங்கத்தின் அடித்தளத்துக்குப் பாறை சுமக்கும் பேட்டரி வண்டி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. புகை இல்லை. சத்தம் இல்லை. புகை இல்லாததால் காற்றடிக்கும் ராட்சத விசிறிகளின் வேகத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். காற்றும் சுத்தம், செலவும் மிச்சம் என்று இன்ஜினியர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

வண்டி ஓட்டுநருக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை.

முதல் நாளே அது நடந்தது. வளைவில் முதுகைக் காட்டியபடி தூசிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான் நகரவில்லை. ஹாரன் அடித்தும் நகரவில்லை. ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கிப் போய்த் தோளைத் தொட்டார். மச்சான் துள்ளி விழுந்தார்.

“வாசனையே வரலையே மாப்ள.”

அப்போதுதான் விளங்கியது. பாறை துளைத்தே அந்தக் காது எப்போதோ போயிருக்கிறது. மனிதர்களை உதட்டைப் பார்த்தும், வண்டிகளை டீசல் புகையை வைத்தும் சமாளித்திருக்கிறார். எங்கண்ணன் காது கேக்காத மாதிரி நல்லா நடிக்கும் என்று ஓட்டுநரின் மனைவி வீட்டில் கேலி செய்வாள்.

வெளியே சொல்ல வேண்டாம் என்று மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். காது கேட்காதவனைக் கீழே இறக்க மாட்டார்கள். மேலே அவருக்கு வேலை இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தேடியது. சோறு இறங்கவில்லை. தூக்கத்திலும் உதைக்கிறார் என்று மனைவி தள்ளிப் படுத்தாள். கடைசியில், பழைய வண்டியின் டேங்கில் ஒரு துணியை நனைத்து, புது வண்டியின் முன்கம்பியில் கட்டினார். மச்சான் மூக்கை உறிஞ்சினார். திரும்பாமலே ஒதுங்கினார். அன்று இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு இன்ஜினியர் வந்துவிட்டார்.

“பேட்டரி பக்கத்துல டீசல் துணியா? எல்லாரையும் கொளுத்தவா?”

துணியை அவிழ்த்துப் பைக்குள் திணித்தார். யார் கட்டியது, எதற்கு என்றார். பக்கத்தில் நின்ற மச்சான் எல்லாம் கேட்டதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

துணி போய்விட்டது. வளைவு அங்கேயேதான் இருந்தது.

ஓட்டுநர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மச்சானுக்குக் காது கேக்காது சார்.”

இன்ஜினியர் தலையாட்டுகிறவரைப் பார்த்தார். மச்சானின் தலை நின்றது.

“என்ன மாப்ள சொன்னீங்க?”

ஓட்டுநர் தலையில் மாட்டியிருந்த விளக்கைக் கழற்றித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். உதடு தெரியும்படி, மெல்ல, அதையே மறுபடி சொன்னார்.