மூன்று பைட் அதிகம்

காசிநாதன் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மூன்றே காலுக்கு எங்கள் வெப்சைட்டில் ஒரு படம்கூட வரவில்லை.

2003ஆம் ஆண்டு. திருக்கழுக்குன்றத்தில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். நானும் கிச்சாவும் கூட்டு. அவன் புரோகிராம் எழுதுவான். நான் ஆள் பிடிப்பேன். செங்கல்பட்டில் எங்கள் குடும்பத்துப் பாத்திரக் கடையில் வளர்ந்தவன் நான். குண்டானைத் தட்டிக் காட்டி விற்றவனுக்கு வெப்சைட் விற்பது கஷ்டமில்லை. தட்டினால் சத்தம் வராது, அது ஒன்றுதான் குறை.

மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிச் சாமான் விற்கும் தெய்வநாயகி அம்மாவின் வெப்சைட் அது. நூற்றிருபது படங்களும் டேட்டாபேஸ் என்கிற குடோனுக்குள் இருந்தன. யாராவது சிப்பி விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால், கிச்சா எழுதிய ஸ்கிரிப்ட் அந்தக் குடோனுக்குள் ஓடி அந்தப் படத்தை மட்டும் எடுத்துவந்து நீட்டும். நேற்றுவரை நீட்டியது. இன்று நூற்றிருபது காலிக் கட்டங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பெருக்கல் குறி.

காசிநாதன் தெய்வநாயகி அம்மாவுக்கு உறவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், மேக்னாவின் அப்பா. மேக்னாவைத்தான் கிச்சா கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான், அவளும்தான். "பையன் என்ன வேலை செய்யறான்னு கண்ணால பார்த்துட்டுத்தான் மத்த பேச்சு" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

"நேத்து வந்துச்சு, இன்னிக்கு வர்ல. நீ இன்னாத்தடா மாத்துன?"

"ஒண்ணுமே மாத்தலடா பன்னீரு, சத்தியமா."

"அப்ப காலைல எதுக்கு ஃபைல ஏத்துன?"

"நல்ல நாளாச்சேன்னு சும்மா ஒரு தரம் ஏத்தினேன்டா."

சர்வரில் இருந்த ஸ்கிரிப்டை என் மெஷினில் இறக்கித் திறந்தேன். வரிக்கு வரி சரியாக இருந்தது. உச்சியில் மட்டும் பொடிசாக ஒரு கோடு. செகண்ட் ஹேண்ட் மானிட்டர், அழுக்காக இருக்கும் என்று கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. கீறல் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

காசிநாதன் கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிப்பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தார்.

"படம் எங்க தம்பி?"

கிச்சா மறுபடியும் ரிஃப்ரெஷ் பட்டனை அழுத்தினான். நான்தான் பேசினேன். "லைன் ஸ்லோ சார். நம்ம கோயில் மலைக்கு உச்சிவேளைல கழுகு வர்ற மாதிரி, டைமுக்கு வந்துரும்."

"கழுகு வர்றது நின்னு வருஷமாச்சே தம்பி."

இந்த மனுஷனிடம் குண்டான் விற்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. எங்கள் கடையில் சரக்கு மேல் சந்தேகம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் தராசில் வைப்போம். அதையே செய்தேன். ஃபைலுக்கு எடை பைட் கணக்கு. சிப்பி விளக்கின் மூலப் படம் எங்கள் டிஸ்கில் 41,216 பைட். ஸ்கிரிப்ட் கொண்டுவந்து நீட்டியதைச் சேமித்துப் பார்த்தால் 41,219.

காசிநாதன் நாற்காலியை முன்னால் இழுத்தார். "மூணு கூடுதே. குறைஞ்சா யாராவது எடுத்திருப்பாங்க. கூடினா யாரோ எதையோ மேல வச்சிருக்காங்க."

"டேய் கிச்சா, படத்துக்கு முன்னாடி இன்னாத்தடா வச்ச?"

கிச்சா தன் மானிட்டரைப் பார்த்தான். அவன் மெஷினில் தமிழ் எழுத்துரு உண்டு, என்னுடையதில் இல்லை. நான் துடைத்துத் துடைத்துப் போகாத அந்தக் கோடு, அங்கே அழகான ‘உ’வாக உட்கார்ந்திருந்தது.

"பிள்ளையார் சுழிடா. எப்பவும் போடறதுதானே? அதைப் போய் மாத்தினேன்னு யாராவது சொல்வாளா?"

அவன் நோட்டுப் புத்தகத்தில் போடுவான், சிடி உறைமேல் போடுவான், மளிகைச் சீட்டில்கூடப் போடுவான். பெண்ணின் அப்பா வருகிற நாளில் ஸ்கிரிப்டின் தலையிலும் போட்டுவிட்டான். ஸ்கிரிப்டுக்கு வெளியே இருக்கும் எதையும் சர்வர் அப்படியே அனுப்பிவிடும். சுழிக்கு ஒரு பைட், அடுத்த வரிக்கு இறங்கியதற்கு இரண்டு. படத்துக்கு முன்னால் பிள்ளையார் போனதால், வருவது படம் என்றே பிரவுசருக்குத் தெரியவில்லை.

"எட்த்துரு."

"இன்னிக்காடா? பிள்ளையாரையா? மாட்டேன்."

"டேய், உன் கல்யாணம்டா."

"அதான் மாட்டேங்கறேன்."

காசிநாதன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேரத்தில் இறங்கினேன்.

"சரி, ரெண்டாவது வரி தர்றேன். முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டுட்டா மெஷின் படிக்காம தாண்டிப் பூடும்."

"முதல் வரிதான்."

"முதல் வரியே வச்சுக்க. ஆனா ஸ்கிரிப்டுக்கு உள்ள. வாசல்ல நிக்கிறவரை வூட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைக்கிறோம், அவ்ளோதான்."

கிச்சா யோசித்தான். தலையாட்டினான். மாற்றி ஏற்றினோம். சிப்பி விளக்கு மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காசிநாதன் பதினாறு படங்கள் பார்த்தார், அவசரமே இல்லாமல். பிறகு எழுந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்."

கடைக்காரன் காதில் விழக்கூடாத வார்த்தை அது. கிச்சாவின் முகம் காலிக் கட்டமாகிவிட்டது. நான் அவர் கால்களைப் பார்த்தேன். வாங்காமல் போகிறவன் படியில் வேகமாக இறங்குவான். இவர் மூன்றாம் படியில் நின்றார், கிச்சா பக்கம் திரும்பினார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை உங்க அம்மாவை ஜாதகத்தோட அனுப்பி வைங்க. மேல சுழி போட மறந்துடாதீங்க. காகிதத்துல போட்டா ஒண்ணும் ஆகாது."