கூடுதல் எட்டடி

விடியும் முன்னே சம்மட்டியைத் தூக்கினால் முதல் சில அடிகள் கைக்கு உறைக்காது. குளிரில் விறைத்த விரலும் பிடியும் ஒன்றுபோலவே கிடக்கும். ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகுதான் வலி தன் வேலைக்கு வந்து சேரும். அன்றைக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. முந்தின நாள் அடித்த முளைகளையே பிடுங்கி, தள்ளி வேறு இடத்தில் அடித்துக்கொண்டிருந்தோம். செமிசி அடித்தான், நான் பிடித்தேன். நிக்கானோர் மேலே தொங்கிக்கொண்டு இழுப்புக் கம்பிகளைத் தளர்த்தினான். கடலிலிருந்து வந்த மூடுபனி கம்பியில் நீராக வழிந்து அவன் சட்டைக் கைக்குள் இறங்கியது. நகராட்சியின் குப்பை லாரிகள் நாற்பது வருஷம் நின்ற மண் அது. தோண்டத் தோண்ட டீசல் வாடை.

சான் எவாரிஸ்தோ என்ற இந்தக் கடலோர ஊரில் ஒரு வீடு கட்டுவதற்கு முன் அந்த வீட்டின் ஆவியைக் கட்டியாக வேண்டும். மூலைக்கு மூலை கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு வலையை இழுத்துக் கட்டி, இவ்வளவு உயரம் வரப்போகிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டும். ஊரார் நாய்களோடு வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு நகரமைப்புக் குழு கூடி, கம்பங்களுக்கு நடுவே இருக்கும் வெறுங்காற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசும். அந்தக் காற்றுக்கு வேலி போடுவதுதான் எங்கள் பிழைப்பு. நான் மேஸ்திரி.

இந்த முறை காற்று கொஞ்சம் விசேஷமானது. இந்த ஊரில் பெருக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள் இந்த ஊரிலேயே வாடகை கொடுத்து இருக்கும்படி, நகராட்சி தன் பழைய லாரிக் கொட்டகை நிலத்தில் மூன்று மாடி கட்டலாமா என்பது கேள்வி. வரைபடத்தில் இருந்த உயரத்துக்கு முந்தின நாளே கம்பம் நட்டுவிட்டோம். சர்வேயர் வந்து அளந்து, கையெழுத்துப் போட்டு, தொப்பியைத் தூக்கி வணக்கமும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள், நான் முதலில் சொன்ன அந்த விடிகாலையில், எங்கள் முதலாளி ஹாலோவே டோனட் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் எங்களுக்குத் தின்ன வாங்கிவந்த முதல் நாள் அது. அப்போதே ஓடியிருக்க வேண்டும்.

"அமீகோஸ், சின்ன வேலை. கம்பத்த இன்னும் எட்டடி ஏத்தணும்." அமீகோஸ் என்றால் நண்பர்கள்; அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் சொற்களில் அது ஒன்றுதான் சாப்பாட்டுப் பெயரல்லாதது.

நிக்கானோர் கேட்டான்: "படத்துல இருக்குறத நேத்தே ஏத்தியாச்சே, பாஸ். சர்வேயர் கையெழுத்தும் போட்டுட்டாரு."

"அதான். அவர் வேலை முடிஞ்சுது. நம்ம வேலை முடியல."

"மாடி கூடியிருச்சா?"

"மாடியெல்லாம் கூடல. காத்துல வலை தொங்கிரும்ப்பா. கொஞ்சம் மேல இழுத்தாத்தான் நிமிர்ந்து நிக்கும்."

"எட்டடி தொங்குற வலைய வச்சு எங்க தீவுல சுறா பிடிப்பாங்க, பாஸ்" என்றான் செமிசி. டோங்காவிலிருந்து வந்தவன். கதவுக்குள் நுழையும்போது கதவு பயப்படும் உடம்பு.

ஹாலோவே சிரிக்கவில்லை. என் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனார். "மலைமேல வெள்ளை வீடு, ப்ரெஸ்காட். சொந்த வீட்டுக்காரங்க சங்கத் தலைவர். தெரியும்ல? வர்ற வருஷம் அவரும் அவர் ஆளுங்களும் வரிசையா வீட்ட இடிச்சுக் கட்டப் போறாங்க. சாரம் பூரா நமக்கு. மழைக்காலம் முழுக்க உனக்கு வேலை, ஃபெர்மின். போன மழைக்கு எத்தன வாரம் சும்மா உக்காந்திருந்த?"

நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். பதில் தெரிந்துவிட்டால் அந்த வேலையைச் செய்ய முடியாது. ஆகவே தெரியாதவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, தெரிந்தே, நீட்டுக் கட்டையை எடுத்துக் கம்பத்தோடு சேர்த்துத் திருகாணியை முறுக்கினேன். டோனட்டையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

எங்களில் நாலாவது ஆளான ஒஃபேலியா எப்போதும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வருவாள். கம்பம் நின்ற பிறகு வலை கட்டுவது அவள் வேலை; அதனால் முந்தின நாள் வரவில்லை. அவளைப் போல முடிச்சுப் போட எங்களில் யாருக்கும் வராது. அவளும் மகள் லூஸும் இந்த ஊரில்தான் குடியிருந்தார்கள், நீர்த்தேக்கச் சாலை ஓரத்தில், ஒரு வேனில். போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டும் இரவுகளில் அடுத்த தெருவில்.

தூக்கு வண்டியில் உச்சிக்குப் போய், கிழக்கு மூலையில் வலையைக் கட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள். "மேஸ்திரி, வீடு குடுக்க ஆரம்பிச்சா இந்த மூலையத்தான் கேக்கப் போறேன். காலை வெயில் நேரா அடுப்படிக்கு வரும். அட, இங்கேருந்து கடல் தெரியுது."

கம்பியை இறுக்கிக்கொண்டிருந்த நிக்கானோர் அப்படியே நின்றான். அந்தக் கடல் கூடுதல் எட்டடியில் இருந்தது. எந்த ஜன்னலிலிருந்தும் அது தெரியப்போவதில்லை.

"ஜன்னலப் பெருசாக் கேளு" என்றேன். அந்த வாயால்தான் அன்று மத்தியானம் சாப்பிட்டேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஊர் கொதித்தது. 'எல்லோரும் வருக' என்று ஏழு மொழியில் பலகை நட்டிருந்த வாசல்களில், அதன் பக்கத்திலேயே 'இவ்வளவு உயரம் ஆகாது' என்று ஒரே மொழியில் இன்னொரு பலகை முளைத்தது. ஒருவர் தன் தக்காளிச் செடிகளின் மேல் நிழல் விழுவதைப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். இன்னொரு வீட்டில், வலை படபடப்பதைப் பார்த்து நாய் மனம் தளர்ந்து மருத்துவரிடம் போய்வந்தது. ஊரின் குணம் கெட்டுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஊருக்குக் குணம் என்று ஒன்று இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

சிரித்துக்கொண்டே பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நிழலில் எட்டடி என் கையால் போட்டது.

எட்டடிக்கு முதல் கூலியாக ப்ரெஸ்காட்டின் தோட்டத்தில் சாரம் கட்டும் வேலை வந்தது. மத்தியானம் அவர் மதிலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே, ஊருக்கு நடுவில், ஆரஞ்சு வலை தெரிந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றாள் ஒஃபேலியா. "நேத்து பள்ளிக்கூட வாசல்ல ஒரு அம்மா கையெழுத்துக் கேட்டாங்க. அந்தக் கட்டடம் வேண்டாம்னு. என்னை யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. லூஸோட படிக்கிற பிள்ளையோட அம்மா. நல்லவங்கதான்."

"மொறைச்சுட்டு வந்தியா?" என்றான் செமிசி.

"அண்ணாந்து பாத்தேன். பெருசாத்தான் இருக்கு. நாங்க இருக்கணுங்கிறதுக்காக இத்தனை பேரோட வெளிச்சத்த மறைக்கணுமான்னு தோணுச்சு. வெக்கமாப் போச்சு, மேஸ்திரி. போட்டுட்டேன்."

நிக்கானோர் மெல்லுவதை நிறுத்தினான். செமிசி தன் கையிலிருந்த ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தான். யாராவது ஒருவர் பேச வேண்டியிருந்தது. மேஸ்திரி என்று கூலி வாங்குகிறவன் நான்.

சொன்னேன். சர்வேயர் போன பிறகு என்ன நடந்தது, யார் சொன்னது, கட்டடம் பூதமாகத் தெரிந்தால் ஊரே வேண்டாமென்று சொல்லும் என்ற கணக்கு, யார் கட்டையைப் பொருத்தியது, எல்லாவற்றையும்.

அவள் கத்தவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "யாருக்கெல்லாம் தெரியும்?"

செமிசி பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கினான். நிக்கானோர் கீழே பார்த்தான்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

"வேலை போயிரும்னு பயந்துட்டோம்" என்றேன்.

"சரி, உங்களுக்கு வேலை போகும். எனக்கு என்ன போகும்னு யாராவது யோசிச்சீங்களா?"

யோசித்தோம் என்பதுதான் உண்மை. யோசித்துவிட்டுத்தான் செய்தோம்.

அவள் கீழே தெரிந்த வலையைக் காட்டினாள். "கடல்?"

"அந்த எட்டடிலதான் இருக்கு."

தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். "வியாழக்கிழமை நகரமைப்புக் குழு கூடுது. நான் போய்ச் சொல்லப் போறேன்."

"நீ சொன்னா எடுபடாது. வீடு கேக்குறவ அப்படித்தான் சொல்லுவாங்கும்பாங்க" என்றான் நிக்கானோர். "ஏத்தினவன் சொல்லணும்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. "எனக்கு இந்த நாட்டுல இருக்கக் காகிதம் இல்ல. கூட்டத்துக் கேமரா முன்னாடி எப்படி நிப்பேன்?"

"என் பின்னாடி நில்லு" என்றான் செமிசி. "குப்பை லாரிய நிறுத்தினாக்கூடத் தெரியாது."

நாலு பேரும் போவதென்று அப்போதே முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை கோடை வெயில் சாயாத சாயங்காலம். நகர மன்ற வாசலில் ஹாலோவே நின்றிருந்தார்.

"இங்க என்ன, ஃபெர்மின்?"

"கூட்டத்துக்கு, பாஸ்."

"உனக்கு இதுல என்ன புரியும்?"

"உயரம் புரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வாயத் திறந்தா இந்தப் பக்கத்துல எவனும் உனக்கு வேலை குடுக்க மாட்டான். குடும்பஸ்தன். யோசி."

"யோசிச்சுட்டுத்தான் அன்னிக்கு ஏத்தினேன். அதான் இன்னிக்கு யோசிக்காம வந்தேன்."

உள்ளே குழுத் தலைவி மிஸஸ் விட்காம்ப் பேசிக்கொண்டிருந்தார். "நாம் இன்று விவாதிப்பது ஒரு கட்டடத்தைப் பற்றியல்ல, ஒரு தொடுவானத்தைப் பற்றி" என்றார். கைதட்டக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே கூட்டம் இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டியது. மூழ்குகிறவர்கள் ஒன்றாக உதவி கேட்பது போல இருந்தது.

பேசுகிறவருக்கு மூன்று நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். தக்காளிக்காரர் பேசினார். நாய்க்காரர் பேசினார். ப்ரெஸ்காட் தன் நண்பர்கள் இருவரின் நிமிஷங்களையும் வாங்கிக்கொண்டு பேசினார். ஏழைகள்மேல் தனக்குள்ள பிரியத்தைப் பற்றியே பாதி நேரம். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

தயார்செய்து வைத்திருந்த பேச்சு மைக்கைப் பார்த்ததும் ஓடிவிட்டது. "நான் கம்பம் நடுறவன். நீங்க பாக்குற கம்பம் படத்துல உள்ளத விட எட்டடி கூட" என்றேன்.

மண்டபத்தில் நாற்காலிகள் முனகின.

"தவறுதலாக நேர்ந்ததா?" மிஸஸ் விட்காம்ப் கனிவாகக் கேட்டார். நான் தப்பிப் போக அந்தச் சொல்லில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். பின்வரிசையில் ஹாலோவே எனக்காகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொல் என்று. சொல்லியிருந்தால் வேலையும் தங்கியிருக்கும்.

"தவறுதல்னா நாங்க முட்டாளுங்கன்னு அர்த்தம்மா. முட்டாளுங்க இல்ல. அதவிட மோசம். சர்வேயர் போன பிறகு தெரிஞ்சே ஏத்தினோம். ஏத்தச் சொன்னது முதலாளி ஹாலோவே. ஏத்தினது நான். ரெண்டையும் எழுதிக்குங்க."

ஹாலோவே எழுந்தார். "மேடம், இது கூலித் தகராறு. சர்வேயர் சான்றிதழ் இருக்கு. இவன் ஒருத்தன் பேச்ச வச்சு..."

"ஒருத்தன் இல்ல" என்று ஒரு குரல். செமிசி எழுந்ததில் அவன் நாற்காலியும் கொஞ்ச தூரம் அவனோடு எழுந்தது. "முளை அடிச்சது நான்."

அவன் பின்னால் ஒளிந்துகொள்ளத் தாராளமாக இடம் இருந்தது. நிக்கானோர் ஒரு எட்டு பக்கவாட்டில் வைத்து, வெளிச்சத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றினான். "மேல ஏறினது நான்."

அப்போது ஒஃபேலியா எழுந்தாள். அவள் எழ வேண்டிய அவசியமே இல்லை. குற்றத்தில் அவளுக்குப் பங்கு கிடையாது.

"வலைய நான் கட்டினேன்" என்றாள்.

"நீங்களும் தெரிந்தே செய்தீர்களா?"

"கட்டும்போது தெரியாது. இப்பத் தெரியும். இவங்களோட சேத்து என் பேரையும் எழுதுங்க. அப்புறம், அந்தக் கட்டடம் வேண்டாம்னு நான் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கேன். அதத் திருப்பிக் குடுங்க."

போட்ட கையெழுத்தைத் திருப்பித் தர விதி இல்லை என்று மிஸஸ் விட்காம்ப் வருத்தத்தோடு தெரிவித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் உட்காரவில்லை. எங்கோ பின்னால் இரண்டு கைகள் விதியை மீறித் தட்டின. திரும்பிப் பார்த்தேன், முன்பின் தெரியாத ஒரு பெண். இன்னும் சில கைகள் சேர்ந்தன. அதிகமில்லை.

கம்பங்களை இறக்கி மறுபடி அளக்க வேண்டும், முடிவு அடுத்த மாதத்துக்கு என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். வீடு கிடைக்கவில்லை. வீட்டைப் பற்றி மறுபடி பேசலாம் என்ற அனுமதி கிடைத்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஹாலோவே எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டியின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நாலு பேரும் நாளைலேருந்து வர வேண்டாம்."

"அந்தக் கம்பத்த யார வச்சு இறக்குவீங்க?" என்று கேட்டான் செமிசி.

"என் சாமான் கொட்டகைல வேற ஆளா இல்ல?"

"இருக்காங்க. அவங்கள நாங்களும் பாக்கத்தான் போறோம்."

அவர் போன பிறகு நிக்கானோர் கேட்டான்: "காலைல அவரோட கொட்டகை வாசல்ல நின்னு சொன்னா பசங்க கேப்பாங்களாண்ணே?"

"நம்ம நாலு பேரயும் சேத்துக்காம இறக்குற வேலைக்கு வர மாட்டோம்னு அவங்க சொல்லணும். சொல்லலேன்னா அடுத்த நாளும் நிப்போம்" என்றேன்.

"அவங்களுக்கும் மழைக்காலம் வரும்ணே."

அந்த மழைக்குப் பயந்தவன்தானே நானும்.

ஒஃபேலியா பக்கத்து நூலகத்திலிருந்து லூஸைக் கூட்டிவந்தாள். எங்களைத் தாண்டிப் போனவள், எங்கள் பேச்சு காதில் விழ, நின்று திரும்பினாள். "எப்படிப் போவீங்க?"

"நடந்துதான்."

"வாங்க. காலைலயும் நானே வந்து ஏத்திக்கிறேன், அப்பத்தான் கொட்டகை வாசல்ல ஒண்ணாப் போய் நிக்க முடியும்." வேனின் பக்கக் கதவை இழுத்தாள். நான் கால் வைக்கப் போகையில் கையை நீட்டித் தடுத்தாள். "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க, மேஸ்திரி."

"நெனைக்கல."

"பூட்ஸக் கழட்டிட்டு ஏறுங்க. இது வீடு."

கழற்றினோம். செமிசியின் காலுறையில் ஓட்டை. உள்ளே துவைத்த துணியும் வெங்காயமும் கலந்த வாசனை. சுவரோரம் மடித்து வைத்த போர்வை, ஒரு சின்ன அடுப்பு, கயிற்றில் லூஸின் பள்ளிச் சீருடை. அவள் முடிச்சுகள். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தும் இந்த வாசல்வரைகூட நான் வந்ததில்லை. மூன்று ஆம்பிளைகள் முழங்காலை மடக்கி, பூட்ஸுகளை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் இடித்துவிடாமல் உட்கார்ந்தோம்.

லூஸ் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இவங்கல்லாம் யாரும்மா?"

ஒஃபேலியா வண்டியைக் கிளப்பினாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், தெருவுக்கு வந்தாள்.

"எங்கூட வேலை பாக்குறவங்க" என்றாள்.

வேலை போன நாங்கள் யாரும் அதைத் திருத்தவில்லை.