கண்ணை மட்டும் விட்டுவிட்டு

அக்கா, சாப்பாட்டு இடைவேளையில் போனில் பேசிப் பேசி இதை எழுத்தாக ஏற்றுகிறேன். பின்னால் சலவை மெஷின் இரைச்சல். எழுத்து எங்காவது பிசகியிருந்தால் நீயே கூட்டி வாசித்துக்கொள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

நேற்று வீடியோவில் நம் தங்கச்சி சுண்டெலியைப் பார்த்தேன். எப்போதும் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவள், நேற்று அதைத் தலையணையில் சாய்த்துவிட்டு எட்ட உட்கார்ந்திருந்தாள். பல் விழுந்த இடத்தை முழங்கையால் காட்டினாள். கையைக் காட்டச் சொன்னேன்.

"கை தூங்குதுண்ணா," என்றாள்.

நீ தையலில் இருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். கெஞ்சிக் கூத்தாடியபிறகுதான் விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் வரிவரியாகத் தடிப்பு. ஏழாம் வாய்ப்பாடு பாதியில் மறந்துவிட்டதாம். பக்கத்தில் உட்காருகிறவனுக்கு வாய்ப்பாடே தெரியாதாம். ஆனால் அவன் அப்பா தினமும் வகுப்பு வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போகிறார், அதனால் அவன்மேல் பிரம்பு படாதாம். நம் வீட்டிலிருந்து யார் போய்க் கேட்டோம்?

பிறகு அவளே கேட்டாள். "அண்ணன்தான் அடிக்கச் சொல்லிட்டுப் போனான்னு சார் சொன்னாரு. நிஜமாவாண்ணா?"

சிக்னல் இல்லை என்று பொய் சொல்லித் துண்டித்துவிட்டேன்.

நிஜம்தான் அக்கா. அவளைச் சேர்க்கப் போன அன்று, பெரிய மனுஷன் மாதிரி, "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்றேன். என்னைச் சேர்த்தபோது அப்பா சொன்ன அதே வார்த்தை. எல்லோரும் சிரித்தோம். என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த அவளும் சிரித்தாள்.

இன்று காலை சாருக்கு போன் செய்து, சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். சிரித்தார்.

"எல்லா வீட்லயும் சொல்றதுதானேப்பா. அங்க இருந்துக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காத. கேக்கணும்னா நேர்ல வா."

ஒப்பந்தம் முடிந்து நேரில் வர இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதுவரை ஓட்டலில் யார்யாரோ படுத்து எழுந்த விரிப்புகளைத்தான் நீவிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு விரிப்பிலும் அவள் உள்ளங்கைதான் தெரிகிறது.

நாளைக்குத் தையலை மூட்டை கட்டிவிட்டு அம்மாவோடு போ. தலைமையாசிரியையிடம் அவள் கையைக் காட்டு, எழுதியும் கொடு. எதற்கு வம்பு என்று அம்மா பின்வாங்குவாள், விடாதே. அப்புறம் தினமும் வகுப்பு வாசல்வரை போய் நில். நான் நிற்கவேண்டிய இடம் அது. அண்ணன் சொன்னது தப்பு என்று அவளிடம் அண்ணனே சொன்னதாகச் சொல்லு.

போகும்போது அவள் கையைப் பிடித்துவிடாதே, வலிக்கும். சுண்டுவிரலை மட்டும் நீட்டு. மெதுவாக அவளே பிடித்துக்கொள்வாள்.