உறையின் மேல் அம்மாவின் கையெழுத்து

நகராட்சித் தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது, அவளுடைய அம்மாவின் தபால் ஓட்டு அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்தல் வந்தால் மட்டும் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற வேலை. இது அவளுக்கு மூன்றாவது தேர்தல். வயதானவர்களும் நடமாட முடியாதவர்களும் வீட்டிலேயே ஓட்டுச்சீட்டை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். அந்தக் கையெழுத்தும், பெயர் பதிந்தபோது போட்ட பழைய கையெழுத்தும் ஒன்றுதானா என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் பச்சைத் தட்டு. சந்தேகம் வந்தால் சிவப்புத் தட்டு.

"இங்க பாருங்கக்கா, கரப்பான் மையில விழுந்து எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. இதைப் போய் எதோட ஒப்பிடறது?" என்று பக்கத்து மேசைக்காரி ஓர் உறையைத் தூக்கிக் காட்டினாள்.

அக்கா தன் கையில் இருந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பெயர், தம்பி வீட்டு முகவரி. கீழே அம்மாவின் கையெழுத்து, நடுக்கமில்லாமல், கடைசியில் வழக்கமான சுழியோடு அழகாக இருந்தது.

அம்மாவின் வலது கை செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கிய கை. ஒரு காலையில் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது மடியில் கிடக்கிறது.

யார் போட்டது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு. கணக்கில் வாங்கிய மார்க்கை அம்மாவிடம் காட்டப் பயந்துகொண்டு அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் மார்க் அட்டையில் அவளே அம்மா மாதிரி கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் அவன் தானே கற்றுக்கொள்ள வந்து நின்றான். "எழுதாதடா, வரை. எழுதினா நடுங்கும். கடைசிச் சுழிக்கு முன்னாடி பேனாவைத் தூக்கி ஒரு மூச்சு விட்டுக்கோ" என்று சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பேனாவைத் தூக்கிய இடத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழும். இந்த உறையிலும் விழுந்திருந்தது.

சொந்தக்காரர்களின் உறை வந்தால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அவள் கொடுக்கவில்லை. மேசை இழுப்பறையில் போட்டாள். பிறகு பச்சைத் தட்டிலிருந்த உறைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தம்பியின் தெருவிலிருந்தும் அடுத்த தெருவிலிருந்தும் வந்தவற்றில் பதினேழு உறைகளில் அதே இடைவெளி. பதினேழும் வெவ்வேறு பெயர்கள். அதில் நாலைக் காலையில் சரி என்று தள்ளிவிட்டவள் அவளே. பதினேழையும் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். அம்மா சன்னலோரம் சக்கர நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூலையில் பிரிக்காத மின்விசிறிப் பெட்டிகள் ஐந்தாறு அடுக்கியிருந்தன. தம்பி பெயிண்ட் கடையில் வண்டி ஓட்டுகிறவன். கடை முதலாளிதான் அந்த வார்டில் நிற்கிறார்.

"வாக்கா. காத்து வாங்க வந்தியா? கடையே வச்சிருக்கேன் பாரு" என்று பெட்டிகளைக் காட்டிச் சிரித்தான்.

"அம்மா பேர்ல நீ கையெழுத்துப் போட்டியா?"

சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மெதுவாப் பேசு. வீட்டுக்கு ஒரு ஃபேன், அவ்வளவுதான். அவங்களே உறையை எடுத்துக் கையில கொடுத்தாங்க. பேங்க் புக்குல இருக்கிற கையெழுத்தைக் காட்டி, கை நடுங்குது, இதைப் பார்த்து நீயே போட்டுக்கோன்னாங்க. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"எல்லாருமா கொடுத்தாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "மாடி வீட்டு டீச்சர் மட்டும்... தபால் பெட்டியில போட்டுடுன்னு ஒட்டித்தான் கொடுத்தாங்க."

"நீ பிரிச்சிட்டியா?"

"சீட்டை மாத்தி, வேற உறைக்குள்ள போட்டேன்." இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, வார்டு நம்ம கைக்கு வந்தா பஸ் நிலையத்துல ஒரு கடை எனக்குன்னு முதலாளி சொல்லியிருக்கார். அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் வைக்கணும். கையை விட்டா அப்படியே விறைச்சுப் போயிடும்னு டாக்டர் சொன்னதை நீயும்தானே கேட்ட? வண்டி ஓட்டி எப்படி முடியும்?"

"நாளைக்கு என்கூட வா. நீயே போய்ச் சொல்லிடு. நீயாச் சொன்னா கொஞ்சம் இரக்கம் காட்டுவாங்க."

"நீ சும்மா இருந்தா போதும். பச்சைத் தட்டுல போட்டுட்டுப் போயேன். எனக்காக எத்தனை தடவை போட்டிருக்க?"

அம்மா கண் விழித்துவிட்டாள். இழுத்து இழுத்து, "என்னடா சண்டை?" என்றாள்.

"சண்டை இல்லம்மா. அக்காவுக்கு ஃபேன் வேணுமாம்" என்றான் தம்பி.

மறுநாள் மதியம் வரை அக்கா இழுப்பறையைத் திறக்கவில்லை. நாலு தடவை தண்ணீர் குடிக்கப் போய்வந்தாள். மாடி வீட்டு டீச்சரின் நினைப்பாகவே இருந்தது. எண்பத்தோரு வயது, படுத்த படுக்கை. போன தேர்தலில் உறை வர ஒரு நாள் தாமதமானதற்கு இந்த அலுவலகத்துக்கு மூன்று முறை ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தவர். ஃபோனை எடுத்தவள் அக்காதான். இரண்டு மணிக்குப் பதினெட்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

அவர் உறைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "உங்க தம்பியாம்மா?" என்றார்.

"ஆமா சார்."

"இனிமே இந்த வேலை உங்களுக்கு இருக்காது. நேத்தே கொடுத்திருக்கணும்."

"தெரியும் சார்."

இரண்டு நாள் கழித்து விசாரணை அதிகாரியும் ஓர் உதவியாளரும் தம்பி வீட்டுக்கு வந்தார்கள். கையெழுத்தை அடையாளம் சொல்ல அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். தம்பி சுவரோரம் நின்றான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிகாரி அம்மாவுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, உறையின் நகலை நீட்டினார். "இது நீங்க போட்டதாம்மா?"

அம்மா அதைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தான்," என்றாள். "நானே... போட்டேன்."

"அம்மா, உங்களுக்குக் கை வராதுன்னு சொல்றாங்களே."

"வரும்... பே... பேனா கொடு."

அதிகாரிக்கே சங்கடமாக இருந்தது. ஆனாலும் பேனாவையும் வெள்ளைத் தாளையும் கொடுத்தார். அம்மா இடது கையால் வலது கையைத் தூக்கித் தாளின் மேல் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பேனாவை அதற்குள் செருகினாள். செருகச் செருக அது விழுந்தது. மூன்றாவது முறை பேனா நின்றது. தோளிலிருந்து முழுக் கையையும் இழுத்தாள். தாளின் குறுக்கே ஒரு கோடு கோணலாகப் போயிற்று. நெற்றியில் வியர்வை அரும்பியது. கடைவாயில் எச்சில் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்து, மறுபடியும் கோடு தொடங்கிய இடத்துக்கே கையை நகர்த்தினாள்.

"அம்மா, விடும்மா" என்று அக்கா குனிந்தாள்.

"நீ தொடாதே" என்றாள் அம்மா. பக்கவாதம் வந்த பிறகு அவள் வாயிலிருந்து திக்காமல் வந்த முதல் பேச்சு அது.

பேனா உருண்டு தம்பியின் காலடியில் போய் நின்றது. அவன் அதை எடுத்தான். அம்மா முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"போதும்மா. போதும். சார், நான்தான் போட்டேன். எல்லாத்தையும் நான்தான் போட்டேன்."

பெயிண்ட் கடைக்காரர் கைகழுவிவிட்டார். "என் கடையில வண்டி ஓட்டினவன்தான். வெளியில போய் என்ன பண்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். மின்விசிறி வாங்கியவர்கள் யாரும் அவர் பெயரை வாயில் எடுக்கவில்லை. பதினெட்டு உறைகளையும் தள்ளிவிட்டுத்தான் எண்ணினார்கள். இருநூறு ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் அவரே ஜெயித்தார். அந்த உறைகள் அவருக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

தம்பிக்கு எட்டு மாதம் போட்டார்கள். அம்மா அக்காவின் இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். ஊட்டினால் சாப்பிட்டாள், தலை வாரினால் வாரிக்கொண்டாள். வேண்டியதை மட்டும் கேட்டாள். டாக்டர் சொன்ன பயிற்சியை அக்காவே தினமும் கொடுத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீட்டி மடக்குவாள். அம்மா அந்த நேரம் முழுக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிறையில் மாதம் இரண்டு முறை பார்க்க விடுவார்கள். யார் வரலாம் என்று தம்பி எழுதிக்கொடுத்த தாளில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் வாசல் வரை விடுவாள். அங்கிருந்து ஒரு காவலர் உள்ளே தள்ளிப் போவார். எதிரே இருந்த மரத்தடியில் அவள் காத்திருப்பாள்.

முதல் முறை அம்மா வெளியே வந்ததும் அக்கா, "எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டாள்.

"இளைச்சிருக்கான்."

"சாப்பாடெல்லாம்?"

"ம்."

நாற்காலியின் பிரேக்கை விடுவித்துச் சாலைப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானாம்மா?"

அம்மா முகத்தைத் திருப்பவில்லை. சொல்லைத் தேடித் தேடி, "கேக்கல" என்றாள்.

பஸ் வந்தது. நடத்துநர் இறங்கி ஒரு பக்கம் பிடிக்க, அவள் மறுபக்கம் பிடித்து அம்மாவை ஏற்றினாள்.