தெரியாதவை என்றொரு தட்டு

1

அறையில் இருந்தவர்கள்: ஆய்வகப் பொறுப்பாளர் ஸ்ரீதேவி. ஹனூர்ப் பக்கத்து மலையிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த சோலிகப் பழங்குடிப் பெண் கேத்தம்மா. எலும்பு கழுவும் தினக்கூலியான நான். நான்காவதாக ஒருவர், அவரைச் சேர்ப்பதா என்பதுதான் கதை.

இது ஒரு கதவிலிருந்து பிறந்த கதை. மைசூர், 1996. அந்தக் கதவின் வெளிப்பக்கம் மட்டுமே எனக்குத் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "மலையின் மகள் முன்னோரின் மண்ணை அள்ளியபோது..."

வேண்டாம். கேத்தம்மா கையில் இருந்தது பல் துலக்கும் பிரஷ்.

மலையில் குட்டை வெட்டும்போது எலும்பு நிறைந்த பழைய குழி ஒன்று தெரிந்தது. தோண்டுவதற்குச் சோலிகர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். தங்கள் ஆள் ஒருவர் ஆய்வக வேலை கற்க வேண்டும். மனித எலும்பு என்று அவர் சொன்னால் வேலை அப்போதே நிற்கும். அதன்பின் எல்லாம் மலைக்குத் திரும்பும்வரை அறைக்குள் அவர்கள் ஆள் மட்டும்தான். அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேத்தம்மாவிடம்.

குழி எலும்பு முழுவதையும் பிரித்து முடித்தால் அவளுக்கு அங்கேயே நிரந்தர வேலை. பாதியில் நின்றால் ஒன்றுமில்லை.

3

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் கேலி செய்கிறவள்.)

நான் வேறோர் இடத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து மேசையிலேயே தூங்கி விழுவேன். ஹனூர்ச் சந்தையில் பழகிய தமிழில் சொல்வாள்: "அண்ணா, பன்னி எலும்பு மேல குறட்டை விடாத. வெளிய போய் டீ குடிச்சிட்டு வா."

மான், பன்றி, தெரியாதவை என்று மூன்று தட்டு. அன்று அவள் கை எந்தத் தட்டுக்கும் போகவில்லை. சுண்டுவிரல் நுனியளவு எலும்பு. கல் போலக் கெட்டி. ஒப்பிட வைத்திருந்த மான்குட்டி, பன்றிக்குட்டிக் காதெலும்புகளோடு திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை.

(மற்ற எலும்பெல்லாம் மக்கினாலும் காதெலும்பு தாங்கும். கைக்குழந்தையுடையதும்.)

ஸ்ரீதேவிக்கும் தெரிந்துவிட்டது. "நிச்சயமில்லன்னா தெரியாதவைல போடலாம் கேத்தம்மா. அதுவும் முறைதான். இன்னும் ரெண்டு பெட்டிதான் இருக்கு."

அவர் கெட்டவர் அல்ல. அவளுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர்.

"தெரியாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம்."

4

முடிவு அ: தெரியாதவைத் தட்டில் வைக்கிறாள். வேலை கிடைக்கிறது. தினமும் அந்தத் தட்டைத் தாண்டி நடக்கிறாள்.

முடிவு ஆ: மக்கள் அவளைப் பாராட்டி...

இல்லை. யாரும் பாராட்டவில்லை. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"மேடம், நீங்க வெளிய போகணும். அண்ணா, நீயும்."

"டீ குடிக்கவா?" என்றேன்.

"இல்லண்ணா."

முதல் வரியைத் திருத்திவிட்டேன்: அறையில் இருந்தவர்கள் நால்வர்.

உள்ளே அவள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். எழுதுகிறவன் சுவரைத் தாண்டலாம் என்பீர்கள். நிபந்தனை எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்ரீதேவி முன்னால் போனார். நான் வாசலைத் தாண்டியதும் எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.