ஒன்பதாம் இடத்தின் காலடி

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கும் மூன்றே முக்காலுக்கும் இடையில், அனுஷியாவின் காலடிச் சத்தம் அவளை விட்டுப் போனது. கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுகஸ்தோட்டை வீதியில் டயர் கடைக்கு மேலே இருந்த வாடகை மண்டபத்துக்கு மரப்படிகள் கிறீச்சிட ஏறிப் போனவள், முக்கால் மணி நேரம் பேசிவிட்டு இறங்கியபோது பதினாறு படிகளில் ஒன்றுகூட முனகவில்லை. கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த நஸீம் நிமிர்ந்து பார்த்து, "என்ன தங்கச்சி, பறந்தா வந்தீங்க?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அன்று கண்டியில் மழை பெய்யவில்லை.

மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தவர் ரிஷிகேசன். யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் அரசாங்க அலுவலகமொன்றில் காணிக் கோப்புகளைப் பார்த்தார், மற்ற நேரத்தில் பாட்டுக் கட்டினார். கல்யாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் சினிமாப் பாட்டுக்கு ஆடும் குழுவொன்றின் பின்வரிசைப் பெண்களைப் பற்றி ஓர் இசை நாடகம் எழுத அவர் விரும்பினார். 'பின்வரிசை' என்பதுதான் பெயர். அந்தப் பெண்கள் பதினொரு பேர். குழுவில் அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நிற்கும் இடத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவராக வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள், அவர் போனில் பதிவு செய்தார். ஒன்பதாம் இடத்தில் நிற்கும் அனுஷியா, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஆறு வயதில் கல் விழுந்து நசுங்கிய வலது கால் ஒரு நொடி பிந்தி விழும், விழும்போது லேசாக உரசும். வாசல் சிமெந்தில் அவள் ஆடிப் பழகும் சத்தம் கீழே சரிவில் கொழுந்து பறிக்கும் அம்மா வீரம்மாவுக்குக் கேட்கும். பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மூணாவது அடியில நின்னுட்டியே, என்னாடி யோசன?" என்று அம்மா கேட்பாள். இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதால் இந்தச் சத்தம் போனது. மற்றவர்களிடமிருந்தும் சொன்ன சொன்ன விஷயங்கள் போயின. ஐந்தின் முழங்கால் தழும்பு மறைந்தது. இரண்டின் திக்குவாய் நின்றது. இரண்டு மட்டும் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த மாதம் நடிகர் தெரிவுக்கு அனுஷியாவும் போனாள். தன் கதையைத் தானே ஆடலாம் என்று நினைத்திருந்தாள். ரிஷிகேசன் இரண்டு தடவை ஆடச் சொன்னார். மூன்றாம் தடவை சலங்கையை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, வடிவாத்தான் ஆடுறீங்கள். ஆனா ஒண்டும் கேக்குதில்லையே. சலங்கையும் கேக்குதில்லை" என்றார். அந்தப் பாத்திரம் கஜாலினி என்ற பெண்ணுக்குப் போனது. முதல் ஒத்திகையிலேயே கஜாலினியின் வலது கால் ஒரு நொடி பிந்தி விழுந்து உரசியது. அவளுக்குக் காலில் எந்தக் குறையும் இல்லை. வீட்டிலும் அந்தச் சத்தம் தொடர்ந்தது, வேறு யாரோ நடமாடுவதாக அவளுடைய தாய் முறையிட்டார். ரிஷிகேசன் நல்ல மனிதர். விஷயம் தெரிந்த அன்றே பதிவை அழித்தார். அதற்குள் கதை நாடகப் பிரதியில் ஏறிவிட்டதால் அது உதவவில்லை.

நாடகம் கண்டியில் ஒன்பது முறை மேடையேறியது. பிறகு கொழும்பு, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம். 2017இல் ரிஷிகேசன் குடும்பத்தோடு கனடா போனார், அங்கும் பனிக்காலத்தில் ஒரு மண்டபத்தில் அந்தக் கால் உரசியது. பாடசாலை நாடகப் போட்டிகளுக்குச் சுருக்கிய பிரதி ஒன்று கைக்குக் கை போயிற்று. எவள் ஒன்பதாக ஆடினாளோ அவளிடம் சத்தம் வந்தது, அடுத்தவள் ஆட வந்ததும் அவளிடம் போனது. ஒரு வருடம் மூன்று பாடசாலைகள் ஒரே தவணையில் போட்டன. மூன்று இடத்திலும் கேட்டது.

அனுஷியா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள், கெலிஓயாவில் அனீஸா என்ற விதவையின் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். நாய்கள் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. கடையில் அவள் நிற்பது தெரியாமல் விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டு இரண்டு முறை போனார்கள். "புள்ள, வந்தா செருமிட்டு வா. எனக்கு கல்பு நின்டு போகுது" என்று நெஞ்சில் கைவைத்து அனீஸா சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் பழகி, அவள் வீட்டில் இருக்கும்போதே வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. ஆனால் 2015இல் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வீரம்மாவின் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அவளுக்கு மகள் வருவது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அனுஷியா வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். வீரம்மா காதுக்குக் கையைக் கொண்டுபோய், "போனு நல்லா கேக்குது. எப்ப வருவ?" என்பாள். கையைப் பிடித்தால், "யாரு கை? எம் மக வந்தா எனக்குக் கேக்கும்" என்பாள். பையில் ஒரு மணியைக் கட்டிக்கொண்டு போன ஞாயிறு, "ஆடு ஏறி வந்திருச்சு, வெரட்டுங்க" என்று பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் குரல் கொடுத்தாள். அனுஷியா சமைத்து வைப்பாள், துவைப்பாள், நகம் வெட்டிவிடுவாள். வீரம்மா அதற்கெல்லாம் யாரோ ஒரு நல்ல பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு, மகள் வரவில்லை என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எட்டு வருடங்கள் இப்படிப் போயின.

2023இல் தோட்டத்துப் பாடசாலை அந்த நாடகத்தைப் போட்டது. ஆசிரியர் யோகராஜ் சேர் பழக்கினார். ஒன்பதாக ஆடியது பதினோராம் வகுப்பு சர்மிளா. பாடசாலை மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள், அனுஷியா அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து மூன்றாம் வரிசையில் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்காம் பாட்டில் சர்மிளா மேடைக்கு வந்தாள். வலது கால் ஒரு நொடி பிந்தி விழுந்து உரசியது. வீரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் தோளைத் தட்டி, "எம் மக வர்றாம்மா. கொஞ்சம் தள்ளிக்குங்க, அவ ஒக்காரட்டும்" என்றாள்.

அனுஷியா எழுந்து அடுத்த கதிரைக்கு மாறினாள். நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. மேடையில் நடந்ததை அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ச் சர்மிளாவிடம் பேசினாள். சர்மிளா முகப்பூச்சைத் துடைத்தபடியே கேட்டாள். "முன்னால நடந்தா போதுமாக்கா? பேச வேணாமா?" "வேணாம். பேசுறது நான்." இருவரும் கதிரைகளுக்கு இடையில் ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். வெறுமையான கதிரை வரை வந்து சர்மிளா நின்றாள், அனுஷியா அதில் உட்கார்ந்தாள்.

"எப்படி வந்த?" என்றாள் வீரம்மா.

"பஸ்லதாம்மா."

"எளச்சிட்ட," என்று அவள் கையைத் தடவினாள். "அந்தக் காலு இன்னமும் பிந்தித்தான் விழுது. சொன்னா கேக்கமாட்ட."

"திருத்திக்கிறேம்மா."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே லயத்துக்கு இருவர் ஏறிப் போவதைத் தோட்டத்தார் பார்க்கிறார்கள். முன்னால் போகிறவளுக்கு இருவரின் சத்தமும் உண்டு, பின்னால் வருகிறவளுக்கு ஒன்றும் இல்லை. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சர்மிளா பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். போகும் முன் பிரதியையும் சலங்கையையும் அடுத்த ஒன்பதிடம் கொடுத்தாள், அவள் அதற்கு அடுத்தவளிடம் கொடுத்திருக்கிறாள். பிரதியின் கடைசிப் பக்கத்தில், பாட்டுகளெல்லாம் முடிந்த இடத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதியிருக்கிறது: ஞாயிறு பத்தரை பஸ். அக்கா பாலத்தடியில் நிற்பா. வாசற்படி வரைக்கும் முன்னால் நடக்க வேண்டும். அக்கா உள்ளே போன பிறகு, திரும்பும்போது புல்லில் நடக்கவும், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது.