இடது பக்கத்து ஆள்

பதினொன்றாவது முறையாக மக்காரி பந்தைப் பறிகொடுத்தபோது, ஹாலிஸ் தன் இடத்தை விட்டு மைதானத்தின் நடுக்கோடு வரை நடந்து வந்து, அவன் ஷூவுக்குப் பக்கத்தில் துப்பினான். புதன்கிழமைப் பயிற்சிதான், பார்க்க ஆளில்லை. ஏப்ரல் பிறந்து மூன்று வாரம் ஆகியும் அந்த ஊர்க் குளிர் போவதாக இல்லை. காலையில் பெய்த பனி செயற்கைப் புல்லின் மேல் நசநசவென்று கிடந்தது. மக்காரி எச்சிலைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து ஹாலிஸைப் பார்த்தான்.

"என்னடா முறைக்கிற? நீ பத்து செகண்ட் வேலை பாத்துட்டு ஓரமா போய் தண்ணி குடிப்ப. மிச்ச நேரம் பூரா நாங்க சாவணும்."

"எனக்குப் பக்கத்துல ஓட ஒரு ஆளக் குடு, அப்புறம் பேசு. ஆஸ்குட்ட எங்கிட்ட இருந்து புடுங்கச் சொன்னது யாரு? நானா?"

சொன்னது ஹாலிஸ்தான். அது அணியில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

லக்ராஸில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுமைதானத்தில் இரண்டு பேர் எதிரெதிரே குனிவார்கள். நடுவில் பந்து, இருபுறமும் தரையோடு தரையாக வலை மட்டைகள், அப்புறம் விசில். இதுதான் ஃபேஸ்ஆஃப். யார் பந்தைக் கிளப்புகிறானோ அவன் அணிக்கு ஆட்டம். மக்காரிக்கு இதைத் தவிர வேறு வேலை கிடையாது. முடிந்ததும் வெளியே ஓடிவிடுவான். அவன் ஜெயித்தால் தடுப்பு வரிசைக்காரர்கள் தங்கள் கோலுக்கு முன்னால் முழங்காலில் கை ஊன்றி ஒரு நிமிடம் மூச்சு வாங்கலாம். தோற்றால் எதிரணியின் அதே ஆறு பேர் மறுபடியும் மேலே வந்து விழுவார்கள். போன இரண்டு போட்டிகளில் அவன் தோற்றது பாதிக்கும் மேல். தடுப்பு வரிசைக்கு அது மூச்சு முட்டுகிற கணக்கு.

ஆனால் அவன் மார்ச் மாதம் வரை தோற்கவில்லை. அதுவரை அவன் பக்கவாட்டில் ஆஸ்குட் நெட்டை மட்டையோடு நின்று, சிதறும் பந்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போவான். மார்ச்சில் கீகனின் முழங்கால் போயிற்று. கீகன் ஹாலிஸின் அறைத்தோழன், நான்கு வருடமாகத் தடுப்பு வரிசையில் அவனுக்கு இடது பக்கத்து ஆள். அடுத்த வாரமே இன்னொருவனுக்குக் காரை எலும்பு முறிந்தது. ஹாலிஸ்தான் கேப்டன் என்பதால், கோச் பர்டிக்கிடம் போய் ஆஸ்குட்டைப் பின்னால் கொண்டுவரச் சொன்னான். வந்தான். ஓட்டையை அடைத்தார்கள், அந்த அடைப்புக்கான கல்லை நடுமைதானத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து மக்காரி அங்கே ஒற்றை ஆளாக நின்று மல்லுக்கட்டுகிறான். இதெல்லாம் ஹாலிஸுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தாலும் மூச்சு வாங்குகிற நேரத்தில் கோபப்பட ஒரு முகம் வேண்டியிருந்தது.

அரைமணி கழித்து பர்டிக் தரையில் பந்தை உருட்டிவிட்டு இருவர் இருவராக ஓடவிட்டார். ஹாலிஸும் மக்காரியும் ஜோடி சேர்ந்தார்கள். ஹாலிஸ் பந்தைப் பார்க்கவே இல்லை. மக்காரியின் நெஞ்சைக் குறிவைத்துத்தான் ஓடினான். மக்காரி பந்துக்காகத் திடீரென்று குனிய, அவன் தோளில் போய் ஹாலிஸின் தலை மோதியது. வெள்ளையாக ஏதோ ஒன்று கண்ணுக்குள் விரிந்து மூடியது. எழுந்து நின்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தான். பிறகு சாமான் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கொட்டகை மூலையில் மக்காரி.

"வெளிய சொன்னே, தொலைச்சிடுவேன்," என்றான் ஹாலிஸ்.

மறுநாள் காலை மார்லா அவனைக் கணினி முன் உட்கார வைத்தாள். வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்பவள் அவள். அவள் கையெழுத்து இல்லாமல் பர்டிக்கால்கூட ஒருவனை மைதானத்தில் இறக்க முடியாது. திரையில் வார்த்தைகள் வரும், நினைவில் வைக்க வேண்டும். உருவங்கள் வரும், சட்டென்று அழுத்த வேண்டும். ஜனவரியில் எல்லோரும் ஒருமுறை இதை எழுதுவார்கள். தலையில் அடிபட்டால் மறுபடியும் எழுத வைத்து, ஜனவரி மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். தடுப்பு வரிசைக்காரர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜனவரியில் வேண்டுமென்றே சொதப்ப வேண்டும். ஹாலிஸுக்கு அவனுக்கு முன் இருந்த கேப்டன் சொன்னான், இவன் தன் ஆட்களுக்குச் சொன்னான். பாதித் தூக்கத்தில் எழுதுங்கள், அப்புறம் மண்டை உடைந்தாலும் பாஸ். அன்று அதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது அடுத்த கணினியில் இருந்தவன் மக்காரி. அவன் மட்டும் ஒழுங்காக எழுதினான்.

"ஜனவரிய விட நல்லாவே பண்ணிருக்க," என்றாள் மார்லா. சந்தோஷமாகச் சொன்னதுபோல் இல்லை. "தலைவலி? வெளிச்சம் பாத்தா கூசுதா?"

"ஒண்ணும் இல்ல மார்லா. மூச்சு மட்டும் கொஞ்சம் அடைச்சுது."

அறையின் குழல்விளக்கு அவன் கண்ணுக்குள் ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நெடுநேரம் அவனைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை ஜெயித்தால் கடைசி நான்கு அணிகளில் ஓர் இடம். தோற்றால் அவனுக்கு எல்லாமே முடிந்தது. கல்லூரி முடிந்து ஜூனில் சித்தப்பாவின் கூரைச் சாமான் கடைக்குப் போக வேண்டும். அங்கே அவன் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் ஒரு கோலுக்கு முன்னால் நின்று இவனை நம்பி யாரும் மூச்சு விடப்போவதில்லை. தலைவலியைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

சனிக்கிழமை உடைமாற்றும் அறையில் மக்காரி அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீயே போய் சொல்லிடு."

"என்னன்னு?"

"இடது ஷூவ வலது கால்ல மாட்டிட்டு உக்காந்திருக்க, ஹாலிஸ்."

ஹாலிஸ் குனிந்து பார்த்தான். காதுவரை சூடேறியது. "உனக்கு வயித்தெரிச்சல். உன்னால ஒரு பந்து ஜெயிக்க முடியல, எனக்கு வைத்தியம் பாக்க வந்துட்ட. போடா."

சுற்றி இருந்த தடுப்பு வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். ஆஸ்குட்டும் சிரித்தான். மக்காரி தன் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆட்டம் அடிதடியாகவே நடந்தது. கீகன் ஊன்றுகோல்களோடு பெஞ்சோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புச் சட்டைக்காரர்கள் நடுமைதானத்தில் மக்காரியைப் பிழிந்தெடுத்தார்கள், கோலுக்கு முன்னால் ஹாலிஸின் ஆட்கள் அவர்களைப் பிழிந்தார்கள். கைமேல் மட்டையடி, விலாவில் முழங்கை, காதில் பச்சைப் பச்சையாக வசவு. ஹாலிஸுக்கு இதுதான் பிடிக்கும். கோல்கீப்பரின் முன்னால் நின்று யார் எங்கே போக வேண்டும் என்று கத்துவது அவன் வேலை. ஒருவனைத் தாண்டி எதிராளி வந்துவிட்டால் அடுத்தவன் தன் ஆளை விட்டுவிட்டுத் துணைக்குப் பாய வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பாய்வார்கள். கண்கள் அவ்வப்போது இரண்டாகக் காட்டின. வாய் மட்டும் நான்கு வருடப் பழக்கத்தில் தானாக ஓடியது.

கடைசி நேரம். ஒன்பதுக்கு ஒன்பது, மூன்று நிமிடம் பாக்கி. மக்காரி மறுபடி தோற்று வெளியே ஓடினான். சிவப்புச் சட்டை ஒருவன் ஹாலிஸின் தோளைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தான். இடது பக்கத்து ஆள் பாய வேண்டிய நேரம்.

"கீகன்! உன்னுது! கீகன், போ!"

தடுப்பு வரிசையில் யாரும் பாயவில்லை. பந்து வலைக்குள் போனது.

பர்டிக் இடைவேளை கேட்டார். ஹாலிஸ் ஆஸ்குட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டேதான் ஓரத்துக்கு வந்தான். "தூங்குறியாடா? கழுத்து நரம்பு புடைக்கக் கத்துறேன்ல?"

"என் பேர நீ கூப்பிடவே இல்ல," என்றான் ஆஸ்குட். அவன் குரலில் கோபம் இல்லை. அது ஹாலிஸுக்கு வினோதமாக இருந்தது.

ஹாலிஸ் தலைக்கவசத்தைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டினான். திரும்பியபோது அதை மக்காரி எடுத்து மார்லாவின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். கவசம் இல்லாமல் ஒருவனும் களம் இறங்க முடியாது; ஒரு ஆட்டக்காரனை உட்கார வைக்க வேண்டுமானால் மார்லா முதலில் பிடுங்குவது அதைத்தான்.

"புதன்கிழமை வாந்தி எடுத்தான். நான் பாத்தேன்," என்று மக்காரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "அந்த டெஸ்ட் பொய். ஜனவரியில வேணும்னே தப்பா எழுதினான். இவனுங்க எல்லாருமே அப்படித்தான் எழுதினானுங்க."

ஹாலிஸ் அவன் முகத்தில் குத்தினான். இரண்டு பேர் பிடிப்பதற்குள் இன்னொன்றும் விட்டான். மக்காரி கையை ஓங்கவில்லை. உதட்டு ரத்தத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தான். தடுப்பு வரிசைக்காரர்கள் அவனைப் பார்த்த பார்வையில், இனி இந்த அணியில் அவனோடு உட்கார்ந்து ஒருவனும் சாப்பிட மாட்டான் என்பது தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"பழி வாங்குறான் மார்லா. நாதாரி. குடுங்க அத."

மார்லா கவசத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "கடைசி கோல் அப்போ யார கூப்பிட்ட?"

"ஆஸ்குட்ட."

"பேர சொல்லித்தான் கூப்பிட்டியா?"

"பின்ன எப்படி கூப்பிடுவாங்க?" ஹாலிஸ் தன் ஆட்களைப் பார்த்தான். நான்கு வருடம் அவர்களுக்காக அடி வாங்கியிருக்கிறான். ஒரே ஒரு வார்த்தை போதும், ஆமாம் என்று ஒருவன் சொன்னால் போதும். ஒருவன் மட்டையின் வலையை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். ஆஸ்குட் புல்லைப் பார்த்தான். பர்டிக் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

நடுவர் கூப்பிட, மக்காரி தனியாக நடுமைதானத்துக்குப் போனான். வழக்கமாகப் போகிறவன் முதுகில் மட்டையால் தட்டி அனுப்புவார்கள். யாரும் தட்டவில்லை. ஹாலிஸின் இடத்துக்கு முதலாண்டுப் பையன் ஒருவன் கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டே ஓடினான்.

"கீகன்," என்று ஹாலிஸ் திரும்பினான். இவன் பொய் சொல்ல மாட்டான், இவன் தனக்காகச் சொல்வான். "நீ இங்கதான இருந்த? நீ சொல்லுடா, யார கூப்பிட்டேன்?"

கீகன் பெஞ்சின் மறுகோடியில் நின்றிருந்தான். முழங்காலில் இரும்புப் பட்டை, முகம் வெளிறி வியர்த்திருந்தது. எப்போதும் இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல் வைத்திருப்பவனிடம் இப்போது ஒன்றுதான் இருந்தது. அடிபட்ட காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, அவன் ஹாலிஸைப் பார்த்தான்.

ஹாலிஸ் அவன் காலடியிலிருந்து மைதானம் வரை பார்த்தான். நடுவில் மக்காரி குனிந்து மட்டையைத் தரையில் வைத்தான். எல்லைக்கோட்டைத் தாண்டி, ஆட்டம் நடக்கிற பக்கம், இரண்டு எட்டு தூரத்தில், ஈரப் புல்லில், பாய்ந்தவன் கையிலிருந்து நழுவியதுபோல், அந்த இன்னொரு ஊன்றுகோல் கிடந்தது.